நூறு எடுத்தா ஒண்ணு தேறுமாம்ல!

"நூறு எடு, ஒண்ணு தேறும்."

இந்தப் பொன்மொழியை முதன்முதலில் உதிர்த்த புண்ணியவான் யாரென்று தெரிந்தால், அவர் வீட்டு வாசலில் போய் நின்று நூறு தடவை காலிங்பெல் அடிக்கலாம்னு இருக்கேன். ஒண்ணாவது காதுல விழும்ல?

கல்யாண வீடு, காதுகுத்து, டூர், மொட்டைமாடி நிலா... எங்க போனாலும் இதே பாட்டுதான். போட்டோ ஏன் நல்லா வரலைன்னு ஒருத்தன் கேட்டா, பக்கத்துல நிக்கறவன் சொல்ற முதல் வைத்தியம், "நிறைய எடு மச்சி". அதுல சரியாகலைன்னா "வேற போன் வாங்கு". அதுக்கும் வசதி இல்லைன்னா "விடு, வீட்டுக்குப் போய் எடிட் பண்ணிக்கலாம்". ஒருத்தராவது "கொஞ்ச நேரம் சும்மா நின்னு பாரு" என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் காரமாகவே இருக்கும், பக்கத்துல தண்ணி வச்சுக்கோங்க மக்களே.

முதலில் அந்தக் கணக்கையே பார்ப்போம். ஒரே இடத்தில் நின்றுகொண்டு, ஒரே உயரத்தில் கையை நீட்டிக்கொண்டு, நூறு தடவை தட்டுகிறோம். நின்ன இடம் மாறலை. வெளிச்சம் மாறலை. பின்னாடி கொடியில காயற லுங்கி மாறலை. நூறுலயும் லுங்கி இருக்கு. மாறினது என்ன? யாரோ ஒருத்தர் கண்ணை மூடினதும் திறந்ததும்தான். அதாவது நீங்க எடுத்தது நூறு போட்டோ இல்லை, ஒரே போட்டோவை நூறு தடவை. நூறால பெருக்கினாலும் லுங்கி லுங்கிதான்.

இதுல இன்னொரு கூத்து இருக்கு. நிறைய எடுத்து அதிலிருந்து நல்லதைத் தேர்ந்தெடுக்கிற வேலையை இன்றைய போன்கள் ஏற்கனவே செய்துகொண்டிருக்கின்றன. நீங்க ஒரு தடவை தட்டும்போது உள்ளே பல பிரேம்கள் பதிவாகி, அதுகளை அடுக்கி, ஒட்டி, இருட்டைக் கொஞ்சம் தூக்கி, வெளிச்சத்தைக் கொஞ்சம் அடக்கி ஒரு படமாகத் தருகிறது. நீங்க நூறு தட்டினா அது ஆயிரம் பிரேமோட மல்லுக்கட்டும். மெஷின் செய்கிற வேலையை மெஷினோடு போட்டி போட்டு நீங்களும் செஞ்சா, நீங்க மட்டுமே செய்யக்கூடிய வேலையை யார் சார் செய்யறது?

அந்த வேலை என்னன்னு சொல்ல எங்க தெருமுனை டீக்கடையே போதும்.

டீ ஆத்தற படம் எடுக்காத ஆள் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. அதுல முக்கால்வாசிப் படம் எப்படி இருக்கும்? நடுவுல ஒரு மாஸ்டர், மூஞ்சி மேல டியூப்லைட் வெளிச்சம், பின்னாடி பிஸ்கட் பாட்டில் வரிசை, கலர் கலரா குட்கா எச்சரிக்கை, ரீசார்ஜ் ஸ்டிக்கர். டீ எங்கே? அந்தக் கூட்டத்துக்குள்ள ஒரு பிரவுன் கோடு. ஆவியா? அதெல்லாம் கிடையாது.

ஆவி ஏன் தெரியலை? அது இல்லாமல் இல்லை, டம்ளருக்கு மேல குப்குப்னு போய்க்கிட்டுதான் இருக்கு. ஆவி கண்ணுக்குத் தெரியணும்னா வெளிச்சம் அதுக்குப் பின்பக்கத்திலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வரணும், அதுக்குப் பின்னாடி இருட்டு இருக்கணும். வெளிச்சமான சுவருக்கு முன்னாடி வெள்ளை ஆவியைத் தேடினா எப்படிக் கிடைக்கும்? எங்க தெரு கிழக்கு மேற்காக ஓடுகிறது. காலை ஆறரை வாக்கில் வெயில் தெருவோடயே படுத்துக்கிட்டு வரும். வாடிக்கையாளர் எல்லாம் நிக்கற பக்கம் நின்னா ஒண்ணும் தெரியாது. அப்படியே சுத்திவந்து பேப்பர் தொங்கற பக்கம் நின்னா, கடைக்குள்ள இருக்கிற இருட்டு மாஸ்டருக்குப் பின்னாடி வந்துடும், வெயில் ஆவியோட விளிம்புல பிடிக்கும். நாலே எட்டு. புது போன் வேண்டியதில்லை.

சரி, இடம் கிடைச்சாச்சு. இப்பவும் தட்டாதீங்க. மாஸ்டரைப் பாருங்க. ஒவ்வொரு மாஸ்டருக்கும் ஒரு தாளம் உண்டு. எங்க மாஸ்டர் முதல் ஆத்தலில் கையை அதிகம் உயர்த்த மாட்டார், டிகாஷன் கலக்குறதோடு சரி. ரெண்டாவது மூணாவதுலதான் வலது கை தலைக்கு மேல போகும். போய், உச்சியில ஒரு இமைப்பொழுது நிக்கும், அப்புறம் இறங்கும். அந்த நிக்கற இடம்தான் சாமர்த்தியம். ஓடுற கையை மங்கலான காலை வெளிச்சத்தில் போன் குழப்பியடிக்கும், நிக்கற கையைப் பிடிச்சுடும். அது மட்டும் இல்லை, கையைத் தூக்கறதுக்கு முன்னாடி அவர் இடது தோள் லேசா இறங்கும். அதைப் பத்து டீ பார்த்தால்தான் தெரியும். பத்து டீ பார்த்தவன் பதினோராவது டீக்கு ஒரே ஒரு தட்டு தட்டினா போதும். மொத்தச் செலவு ரெண்டு டீ, ஒரு வடை. (வடை கட்டாயம் இல்லை. ஆனா கடைக்காரரோட இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்கறோம் இல்லையா, ஒரு மரியாதை.)

நூறு தட்டற ஆளுக்கு இந்தத் தோள் கடைசி வரைக்கும் கண்ணுல படாது. ஏன்னா அவர் மாஸ்டரைப் பார்க்கவே இல்லை, திரையைப் பார்த்துக்கிட்டு இருக்கார்.

"இதெல்லாம் சரிப்பா, புத்தகத்துல போட்டிருக்கிற மாதிரி கோல்டன் அவர்ல போய் எடுத்தா தானா நல்லா வரும்"னு அடுத்த கோஷ்டி ஒண்ணு கிளம்பி வரும். அவங்ககிட்டயும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கு. அந்தப் புத்தகங்கள் பெரும்பாலும் எழுதப்பட்டது லண்டனிலும் நியூயார்க்கிலும். அங்கே சூரியன் சாய்ந்து சாய்ந்து இறங்கும். அடிவானத்துக்கு மேல கடைசி ஆறு டிகிரியைக் கடக்க லண்டனில் ஜூன் மாதத்தில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். சென்னை இருப்பது 13 டிகிரி அட்சரேகையில். இங்கே சூரியன் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக ஏறி நெட்டுக்குத்தாக இறங்குகிறது. அதே ஆறு டிகிரிக்கு நம்மூரில் சுமார் 25 நிமிஷம்தான். மெரினாவுக்குப் போய் வண்டியை நிறுத்தி, சுண்டல் வாங்கி, போனை வெளியே எடுக்கறதுக்குள்ள பொன்னும் போச்சு, பொழுதும் போச்சு.

இன்னொண்ணு, "வடக்குப் பார்த்த ஜன்னல் பக்கம் உட்கார வை, நேர் வெயில் வராது, மென்மையான வெளிச்சம் கிடைக்கும்" என்று அந்தப் புத்தகங்களில் இருக்கும். அவங்க ஊருக்கு அது சரி. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை உச்சி வெயில் நம்ம தலைக்கு வடக்கே போய்விடுகிறது. அந்த நாலு மாசம் மத்தியான நேரத்துல வடக்கு ஜன்னலில் வெயில் எட்டிப் பார்க்கும், தெற்கு ஜன்னல்தான் சாதுவாக இருக்கும். வீடு கட்டும்போது கொத்தனாருக்குத் தெரிஞ்ச விஷயம் இது. நம்ம வீட்டு ஜன்னலை நாம ஒரு வருஷம் பார்த்திருந்தா நமக்கும் தெரிஞ்சிருக்கும். பார்க்காமல் புத்தகத்தைப் புரட்டுறதும், பார்க்காமல் நூறு தட்டுறதும் ஒரே வியாதியோட ரெண்டு ராசிதான்.

கோலத்தையே எடுத்துக்கோங்க. மார்கழியில் ஊரே எடுக்குது. மேலேயிருந்து குனிஞ்சு, தன்னோட நிழலையும் சேர்த்து, கீழ் ஓரத்துல ரெண்டு கட்டைவிரல் தெரியற மாதிரி. ஒன்பது மணிக்கு எடுத்தால் கோலம் தரையோடு ஒட்டின வெள்ளை பெயின்ட் மாதிரிதான் இருக்கும். சூரியன் வந்த முதல் பத்து நிமிஷத்துல, குந்தி உட்கார்ந்து, வெயில் வர்ற திசையைப் பார்த்தபடி பாருங்க. ஒவ்வொரு இழைக்கும் ஒரு குட்டி நிழல் இருக்கும். மாவு மாவா தெரியும். விரலிடுக்குல மாவு எங்கே தடிச்சு விழுந்துச்சு, எங்கே தீர்ந்துபோய் மெலிஞ்சுச்சு எல்லாம் தெரியும். போட்ட கையே தெரியும் சார்.

இப்போ எடிட்டிங் கோஷ்டி. பரிசுத்தவாதம் பேச வரலை. ரோல் காலத்தில் எல்லாரும் மேதைகளாக இருந்தார்கள், 36 பிரேமில் காவியம் படைத்தார்கள் என்ற கதையெல்லாம் என்கிட்ட வேண்டாம். பழைய ஆல்பத்தைத் திறங்க, பாதிப் பேருக்குத் தலை இருக்காது, மீதிப் பேருக்குக் கண்ணு சிவப்பா இருக்கும். வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டுறது, சாய்ஞ்ச படத்தை நிமிர்த்துறது, ஓரத்தை வெட்டுறது எல்லாம் டார்க்ரூம் காலத்திலேயே இருந்ததுதான், தாராளமா செய்யுங்க. நான் சண்டை போடுறது "அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிற அந்த நினைப்போடதான்.

2023 மார்ச்சில் ஒரு கூத்து நடந்ததே, ஞாபகம் இருக்கா? ஒருத்தர் நிலாப் படம் ஒன்றை வேண்டுமென்றே மங்கலாக்கி, கம்ப்யூட்டர் திரையில் வைத்து, இருட்டில் நின்று சாம்சங் போனில் படம் எடுத்தார். மங்கலான அந்தப் படத்தில் இல்லவே இல்லாத பள்ளங்களையும் கோடுகளையும் போன் வரைந்து கொடுத்தது. ஊரெல்லாம் ஒரே பேச்சு. போனுக்கு அது எப்படி முடிந்தது? நிலா எப்பவும் ஒரே முகத்தைத்தான் பூமிக்குக் காட்டுகிறது. நீங்க எடுத்தாலும் நான் எடுத்தாலும் அதே முகம். ஆயிரம் நிலாவைப் பார்த்துப் பழகின மெஷின் ஆயிரத்து ஒண்ணாவதை ஒப்பேத்திடும். உங்க அப்பா, கணக்கு நோட்டில் கூட்டல் தப்பிப்போனதும் பேனா மூடியைக் கடிச்சுக்கிட்டு மோட்டுவளையைப் பார்ப்பாரே, அந்த முகத்தை எந்த மெஷின் பார்த்திருக்கு? நீங்க எடுக்கலைன்னா அது எங்கேயும் இல்லை.

அதே 2023 அக்டோபரில் வந்த கூகுள் பிக்சல் 8 போனில் இன்னொரு வசதி வந்தது. குரூப் போட்டோவில் ஒருத்தர் கண்ணை மூடிட்டாரா? அடுத்தடுத்து எடுத்த படங்களில் எதில் அவர் நல்லா சிரிக்கிறாரோ அந்த முகத்தை எடுத்து இதில் ஒட்டிக்கலாம். ஆளாளுக்கு அப்படி ஒட்டிக்கிட்டே போகலாம். கடைசியில் எல்லாரும் சிரிக்கிற படம் ஒண்ணு கிடைக்கும். ஒரு சின்னச் சிக்கல்தான், எல்லாரும் சேர்ந்து சிரிச்ச அந்த நொடி நடக்கவே இல்லை. "நூறு எடு, ஒண்ணு தேறும்" போய், "நூறு எடு, ஒண்ணுமே தேறாட்டியும் பரவாயில்லை, தைச்சுக்கலாம்"னு ஆயாச்சு.

"ஏய்யா, சும்மா குடும்பப் போட்டோ. இதுக்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா?"ன்னு கேக்கறீங்க இல்லையா. சொல்றேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எங்க சொந்தத்துல ஒரு பெரியம்மா தவறிட்டாங்க. நாலு பிள்ளைங்க, ஏழெட்டுப் பேரப்பிள்ளைங்க. ஆளுக்கொரு போன், சிலர்கிட்ட ரெண்டு. போஸ்டர் அடிக்கணும், பேப்பருக்குக் கொடுக்கணும், பத்து மணிக்குள்ள ஒரு போட்டோ வேணும். வாசல்ல சாமியானா போட்டுக்கிட்டு இருக்காங்க, இந்தப் பக்கம் திண்ணையில வரிசையா உக்காந்து எல்லாரும் போனைத் தள்ளிக்கிட்டே இருக்காங்க. ஒரு பேரன் போன்ல மட்டும் பதினோராயிரம் போட்டோ. அவன் பைக் இருக்கு, சாப்பிட்ட பரோட்டா இருக்கு, அதே மலையோட அதே மேகம் நாப்பது இருக்கு. பெரியம்மா? இருக்காங்க. கல்யாண குரூப்புல மூணாவது வரிசையில, யாரோ ஒருத்தியோட கொண்டைக்குப் பின்னாடி அரை முகம். பேத்தியோட செல்பியில் நெத்தியும் அதுக்கு மேல சுத்தற பேனும். பந்தியில குனிஞ்சு சாம்பார் ஊத்தறப்போ உச்சந்தலை. ஒரு வீடியோவுல குரல் மட்டும், "டேய் அதை வச்சிட்டு சாப்பிட வாடா"ன்னு.

கடைசியில ஆதார் அட்டையை எடுத்துக்கிட்டு ஸ்டூடியோவுக்கு ஓடினாங்க. அவங்களும் என்ன பண்ணுவாங்க, இருந்ததைப் பெருசாக்கி, பின்னாடி நீலம் அடிச்சு, முகத்தை வழவழன்னு ஆக்கி, தெரியாத புடவைத் தலைப்புக்கு ஒரு பட்டுப்புடவை ஒட்டிக் கொடுத்தாங்க. பதினாறாம் நாள் அதுக்கு சந்தனமாலை போட்டுக் கூடத்துல மாட்டினப்போ, மூத்த மக ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே நின்னுட்டு, "அம்மா இப்படி இருக்க மாட்டாங்கல்ல?"ன்னு மட்டும் கேட்டாங்க. யாரும் பதில் பேசலை. அந்த வீட்ல படத்துக்குப் பஞ்சமே இல்லை மக்களே. பார்த்த படத்துக்குத்தான் பஞ்சம்.

இது அந்த ஒரு வீட்டுக் கதை இல்லைன்னு உங்களுக்கே தெரியும். வேணும்னா இப்பவே உங்க போனை எடுத்து, அம்மா தனியா, முகம் தெரிய, காமிராவுக்காகப் பல்லைக் காட்டாம இருக்கிற ஒரு படத்தைத் தேடிப் பாருங்க. நான் காத்திருக்கேன்.

...

தேடியாச்சா? சரி.

"எங்கம்மா எடுக்க விட்டாத்தானே?" என்பீர்கள். நியாயம்தான். போனைத் தூக்கினதும், "என்னைய எதுக்குடா எடுக்கற, தலை கூட வாரலை, மூஞ்சி எண்ணெய் வழியுது, போய் வேற வேலையப் பாரு"ன்னு முந்தானையை இழுத்துக்குவாங்க. அப்பாக்கள் வேற ரகம். போனைப் பார்த்ததும் நெஞ்சை நிமிர்த்தி, கையை ஒட்டவச்சு, ஆர்.டி.ஓ. ஆபீஸில் லைசென்ஸுக்கு நிக்கற மாதிரி நிப்பாங்க. இங்கேதான் நம்ம ஆளு பொறுமையில்லாம பத்துத் தட்டு தட்டி, பத்துலயும் முந்தானையை வாங்கிட்டு வர்றான்.

போனைத் தூக்கறதுலதான் பிரச்சினையே இருக்கு. தூக்காதீங்க. அம்மா அவரைக்காய் நார் உரிக்கிறாங்களா, நீங்களும் பக்கத்துல உக்காந்து உரிங்க. ஜன்னல் எந்தப் பக்கம் இருக்குன்னு பார்த்து, ஜன்னல் வெளிச்சம் அவங்க முகத்துல பக்கவாட்டா விழற மாதிரி எதிர்ல உக்காருங்க. சமையல்கட்டு டியூப்லைட்டை அணைச்சிடுங்க. ("பகல்லயே எரியுது, கரண்ட் பில் யாரு கட்டுறது"ன்னு அம்மாவே சந்தோஷப்படுவாங்க.) பல்பு மஞ்சளும் டியூப்லைட் நீலமும் ஜன்னல் வெள்ளையும் ஒண்ணாச் சேர்ந்து முகத்துல விழுந்தா எந்தப் போனாலும் தோலோட நிறத்தைச் சரியாச் சொல்ல முடியாது. ஒரே வெளிச்சம் போதும். போன் பக்கத்துல தரையில கிடக்கட்டும்.

அப்புறம் பேச்சு குடுங்க. இல்லை, பேச விடுங்க. பதினஞ்சு நிமிஷம், இருபது நிமிஷம். மூணாவது வீட்டு மாமியார் மருமக பஞ்சாயத்து, சித்தப்பா வீட்டு நிலத் தகராறு எல்லாம் வரும். நீங்க முகத்தைப் பாருங்க. எங்கம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. சிரிப்பான இடம் வர்றதுக்கு முன்னாடியே மூக்குக்கண்ணாடியை மணிக்கட்டால மேல தள்ளுவாங்க, விரல் ஈரமா இருக்கும்ல. தள்ளி முடிச்சதும் இடது கண்ணு முதல்ல சுருங்கும், அப்புறம்தான் சிரிப்பு. இத்தனை வருஷம் கூடவே இருந்தாலும், பார்க்கணும்னு உக்காந்து பார்த்தாத்தான் அந்த வரிசை தெரியும். மணிக்கட்டு மேல போச்சுன்னா போனை எடுக்க நேரம் இருக்குன்னு அர்த்தம். ஒரே தட்டு. திரும்பக் கீழ வச்சுட்டு அவரைக்காய்.

தள்ளி உக்காந்து எடுங்க என்பதையும் சொல்லிடறேன். போனோட பிரதான லென்ஸ் அகலமான லென்ஸ். முகத்துக்கு ஒரு முழத்துல கொண்டுபோனா மூக்கு பெருசாகி காது ரெண்டும் பின்னாடி ஓடிப்போகும். "நான் இவ்வளவு அசிங்கமாவா இருக்கேன்"ன்னு அம்மா கேக்கறது அதனாலதான். கோளாறு அவங்க முகத்துல இல்லை, நீங்க உக்காந்திருக்கிற தூரத்துல. ஆறேழு அடி தள்ளிப்போய் ரெண்டு மடங்கு ஜூம் வச்சா முகம் முகமா வரும். எடுத்ததை அவங்ககிட்ட காட்டுங்க. வேண்டாம்னா அழிச்சுடுங்க. அது அவங்க முகம்.

வினோகிராண்ட் பேரைச் சொல்லிக்கிட்டு யாராவது வருவீங்கன்னு எனக்குத் தெரியும். நியாயமான கேள்விதான். அமெரிக்கத் தெருக்களில் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்த கேரி வினோகிராண்ட் 1984இல் இறந்தபோது, எடுத்துவிட்டு டெவலப்கூடச் செய்யாத சுமார் 2,500 ரோல்களை விட்டுப் போனார். அவர்தானய்யா நூறு எடு கட்சியின் தலைவர்? கிடையாது. அவர் நாள் முழுக்கத் தெருவில் நின்று மனுஷர்களைப் பார்த்துக்கொண்டே இருந்த ஆள். தவிர, எடுத்த ரோலை உடனே டெவலப் செய்ய மாட்டார், ஒரு வருஷமாவது போட்டு வைப்பார். எடுத்த அன்றைக்கு இருந்த சந்தோஷம் படத்தின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும், அது வடியட்டும், அப்புறம் படம் நல்லாயிருக்கான்னு பார்க்கலாம் என்பது அவர் கணக்கு. நாம எடுத்த மூணாவது செகண்ட்ல குடும்பக் குரூப்புல அனுப்பிட்டு, ஏழாவது செகண்ட்ல யாரு ஹார்ட்டின் போட்டாங்கன்னு பார்க்கிறோம். நமக்கும் அவருக்கும் என்ன சொந்தம்?

கபடி, ஓடற குழந்தை, பறக்கற கொக்கு... இதுக்கெல்லாம் படபடன்னு எடுங்க, வேண்டாம்னே சொல்லலை. அங்கயும் எந்தப் பக்கம் நிக்கறதுன்னு தட்டறதுக்கு முன்னாடியே பார்த்தாகணும்.

"எங்க வீட்ல, எங்க தெருவுல பார்க்க என்னய்யா இருக்கு?" என்கிறவர்களுக்கு ஜோசப் சுடெக். செக் நாட்டுக்காரர், பிராக் நகரத்தில் வாழ்ந்தவர். முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். ஒற்றைக் கையோடு பெரிய பெட்டிக் காமிராக்களைத் தூக்கிக்கொண்டு திரிந்த மனுஷன். 1940இல், நாஜிகள் அந்த நகரத்தைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், தன்னுடைய சின்ன ஸ்டூடியோவின் ஜன்னலைப் படம் எடுக்க ஆரம்பித்தார். 1954 வரை எடுத்தார். பதினாலு வருஷம், ஒரே ஜன்னல். கண்ணாடியில் படிந்த பனி, வழிகிற மழை, வெளியே வளைந்து நெளிந்த ஒரு மரம், ஜன்னல் திட்டில் ஒரு கிளாஸ். அவ்வளவுதான் மேட்டர். ஒரு படம் மாதிரி இன்னொண்ணு இருக்காது. இந்தப் படங்களைப் பார்த்த பிறகும் "லடாக் போனாத்தான் போட்டோ"ன்னு சொல்ற ஆளோட எனக்குப் பேச்சு கிடையாது.

லடாக் போக முடியாதவங்க காசிமேடு போறாங்க, அது தனிக் கதை. ஞாயித்துக்கிழமை விடிகாலையில பத்துப் பேர், பத்து லென்ஸ், வலை பின்னிக்கிட்டிருக்கிற ஒரு பெரியவரைச் சுத்தி அரைவட்டம். சரசரன்னு சத்தம். அஞ்சு நிமிஷத்துல அடுத்த பெரியவர். சாயங்காலம் பார்த்தா பத்துப் பேர்கிட்டயும் அதே சுருக்கம் விழுந்த முகம், கருப்பு வெள்ளையில, கான்ட்ராஸ்ட் ஏத்தி, கீழ "வாழ்க்கை"ன்னு ஒரு தலைப்பு. அவர் பின்னிக்கிட்டிருந்த முடிச்சு எப்படிப் போடறதுன்னு ஒருத்தராவது பார்த்தாரா? எந்த விரலில் நூலைச் சுத்திக்கிட்டார்? ஊசியை வாயில் எப்போ வச்சார்? பெரியவர் பேர் என்ன? எவன் வீட்டுத் தாத்தாவையோ நூறு எடுத்துட்டு வந்தவன் வீட்டுல, அவனோட தாத்தா ஆதார் அட்டையில இருக்கார்.

கடைசியா வர்ற கேள்வி எப்பவும் ஒண்ணுதான், "இதுக்கெல்லாம் நேரம் எங்க இருக்கு?" நேரமா? டூர் போயிட்டு வந்து எண்ணூறு போட்டோவை உக்காந்து தள்ளித் தள்ளிப் பார்த்து, எதை அழிக்கிறதுன்னு முடிவு பண்ண முடியாம அப்படியே விட்டு, மெமரி நிரம்பிடுச்சுன்னு போன் கத்தினதும் கிளவுடுக்குக் காசு கட்டி, அங்கயும் நிரம்பி... அந்த நேரமெல்லாம் எந்தக் கணக்குல வருது? டீக்கடையில நான் நின்னது இருபது நிமிஷம். அதுல டீயும் குடிச்சாச்சு.

சரி, அம்மா உரிச்ச அவரைக்காய் இந்நேரம் பொரியலாகியிருக்கும். நான் கிளம்பறேன்.

பி.கு: இதைப் படிச்சுட்டு எதுவுமே செய்யத் தோணலைன்னாலும் ஒண்ணு மட்டும் செய்ங்க. போன் லென்ஸை வேட்டி முனையாலயோ முந்தானையாலயோ துடைங்க. காலையில இட்லிப்பொடி எண்ணெய் தொட்ட விரல் அது மேலதான் இருக்கு. விளக்கைச் சுத்தி வர்ற அந்தப் பனிமூட்டத்தை "ட்ரீமி லுக்"னு நினைச்சுக்கிட்டு நாலு பேர் சுத்திக்கிட்டு இருக்காங்க.